தீபாவளி வாழ்த்து மடல்: முத்திரை மை காயவில்லை, ஒட்டிய தாள்கள் வளைகின்றன. உதவி தேவை

கோலப்புள்ளி (வெள்ளவத்தை):
வணக்கம். உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் தீபாவளி வாழ்த்து மடல்களைக் கையால் செய்துகொண்டிருக்கிறேன். அடியில் மடித்த அட்டை, அதன்மேல் மெரூன் தாள், அதற்கும் மேல் வெள்ளைத் தாள். வெள்ளைத் தாளில் ஒளி ஊடுருவும் போலிமர் முத்திரையால் சிக்குக் கோலம் பதிக்கிறேன். கீழே, கடையில் சொல்லிச் செய்வித்த இறப்பர் முத்திரையால் வாழ்த்து வரி.

கோலத்தின் கோடுகளில் மை சிறு சிறு துளிகளாகத் திரண்டு நிற்கிறது. வாழ்த்து வரி ஒழுங்காகப் பதிந்தாலும், மறுநாள் காலையில் விரல் பட்டால் இழுபடுகிறது. ஒட்டி முடித்த மடல்களோ நடுவில் குழிந்து வளைகின்றன. மழைதான் காரணமா? பண்டிகை நெருங்குகிறது, எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேரமில்லை.

தாள்வெட்டி (கொட்டாஞ்சேனை):
வெள்ளைத் தாள் பளபளப்பானதா? எந்த மை? எதனால் ஒட்டுகிறீர்கள்? இவை தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

கோலப்புள்ளி:
ஒரு பக்கம் பளபளக்கும் ஆர்ட் போர்ட். மை, அலுவலகங்களில் வைத்திருக்கும் சாதாரண நீல முத்திரைப் பெட்டி. ஒட்டுவதற்கு பைண்டர் கம், தாள் முழுவதும் தூரிகையால் பூசுகிறேன். தேவையான வெள்ளைத் தாள்களை எல்லாம் ஏற்கெனவே அளவாக வெட்டிவிட்டேன்.

அச்சுக்கூடம் (புறக்கோட்டை):
மழைக்குப் பங்கு உண்டு, ஆனால் மூல காரணம் தாளும் மையும் பொருந்தாததுதான். ஆர்ட் போர்டின் மேற்பரப்பில் வெண்களி அல்லது சுண்ணப் பூச்சு இருக்கிறது. அலுவலக முத்திரை மையில் கிளிசரின் போன்ற, எளிதில் ஆவியாகாத திரவம் கலந்திருக்கும். மூடியைத் திறந்து வைத்தாலும் பெட்டி உலராமல் இருப்பது அதனால்தான். அந்த மை தாளுக்குள் ஊறித்தான் காயும். பூச்சு அதை ஊற விடாது. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். அச்சகத்தில் நாங்கள் இதே தாளில்தான் அச்சிடுகிறோம், ஆனால் ஓஃப்செட் மை எண்ணெய் சார்ந்தது, ஒட்சிசனோடு சேர்ந்து இறுகிவிடும்.

ஆகவே இனிச் செய்பவற்றுக்குப் பளபளப்பில்லாத வெள்ளை அட்டை வாங்குங்கள். மலிபன் வீதித் தாள் கடைகளில் 'பூச்சில்லாதது' என்று கேட்டு, ஒரு துண்டில் முத்திரை குத்திப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. மேல் தாளுக்கு 160 முதல் 200 கிராம் கனம் (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை) போதும், மடிக்கும் அடி அட்டை 250 கிராமுக்குக் குறைய வேண்டாம்.

மல்லிகை (தெஹிவளை):
வெட்டி வைத்த பளபளப்புத் தாள்களை வீசிவிடாதீர்கள் தங்கை, அவை வீணாகவில்லை. மை ஈரமாகவே நிற்கிறது என்பதை நமக்குச் சாதகமாக்கலாம். பதித்தவுடன் பொன்னிற எம்போசிங் பவுடரைத் தூவி, மிகுதியைத் தட்டிவிட்டு, சூடு காட்டினால் தூள் உருகிக் கோடுகள் புடைத்துப் பளிச்சென்று நிற்கும். கோலத்துக்கு அதைவிட அழகான முடிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

நிறத்துகள்கள் கலந்த, மெதுவாகக் காயும் பிக்மென்ட் மை கிடைத்தால் இன்னும் நன்று. இல்லையேல் உங்கள் நீல மையை ஒரு கழிவுத் துண்டில் முதலில் சோதியுங்கள். பதிப்பதற்கு முன் தாளை முகப் பவுடர் தொட்ட துணியால் இலேசாகத் துடைத்தால் தூள் வேண்டாத இடங்களில் ஒட்டாது. முடி உலர்த்தி உதவாது, அதன் வெப்பம் போதாது, காற்றும் தூளை அள்ளிக்கொண்டு போய்விடும். ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) இல்லையென்றால், சூடான இஸ்திரிப் பெட்டிக்குச் சற்று மேலே தாளைப் பிடித்து அடிப்பக்கத்திலிருந்து சூடேற்றுங்கள். நிறம் பளபளவென மாறிய கணமே விலக்கிவிட வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

துளித்துளியாகத் திரள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: புதிய போலிமர் முத்திரையின் முகம் வழுவழுப்பாக இருப்பதால் மையைத் தள்ளும். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, கழுவி, உலரவிட்டுப் பாருங்கள். குத்தும்போது தாளின் அடியில் மெல்லிய ஸ்பொஞ்ச் விரிப்பு ஒன்று இருந்தால் கோடுகள் சமமாகப் பதியும்.

தாள்வெட்டி:
வளைவுக்கு வருகிறேன். பைண்டர் கம்மில் நீர் இருக்கிறது. முழுவதும் பூசும்போது தாள் நனைந்து விரிகிறது, காயும்போது சுருங்கி அடி அட்டையையும் இழுக்கிறது. இரட்டைப் பக்க டேப்புக்கு மாறுங்கள், நான்கு விளிம்புகளிலும் ஒட்டினால் போதும்.

அதோடு தாளின் நார் ஓட்டத்தைக் கவனியுங்கள். தாளை நெடுக்காகவும் குறுக்காகவும் மெல்ல வளைத்தால், ஒரு பக்கம் எளிதாக வளையும். அந்த வளைவுக்கோட்டின் திசையில்தான் நார் ஓடுகிறது. எல்லா அடுக்குகளிலும் நார் ஒரே திசையில் இருந்தால் ஈரத்தில் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். மடிப்பும் நாரோடு போனால் முதுகு வெடிக்காது. மை தீர்ந்த பேனையால் அடிமட்டத்தை ஒட்டிக் கோடு கீறிய பிறகு மடியுங்கள்.

அளவு: ஏ4 தாளைப் பாதியாக்கி மடித்தால் 105க்கு 148 மில்லிமீற்றர். மெரூன் 97க்கு 140, வெள்ளை 91க்கு 134 என்று வெட்டினால் விளிம்புகள் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். சி6 உறைக்குள் சரியாகப் போகும்.

மல்லிகை:
டேப் விடயத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. கடற்கரைப் பக்க வீடுகளில் மலிவான டேப் சில மாதங்களில் விட்டுவிடுகிறது, மடலைப் பல வருடம் பத்திரப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பைண்டர் கம்மையே ஊசி முனைப் போத்தலிலிருந்து சிறு பொட்டுகளாக வைத்து, இரவு முழுவதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் அழுத்தி வைக்கிறேன். வளைவதில்லை.

தாள்வெட்டி:
அக்கா சொல்வதும் நியாயம்தான். விளிம்புகளில் டேப், நடுவில் ஒரு பொட்டு கம் என்று இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். ஆனால் தபாலில் போகும் மடல்களில் ஸ்பொஞ்ச் டேப்பால் விளக்கு, பூ என்று உயர்த்தி ஒட்ட வேண்டாம். கட்டுக்குள் நசுங்கி உறையிலேயே தடம் விழும். நேரில் கொடுப்பவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோலப்புள்ளி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. அழிறப்பரால் தேய்த்த பிறகு கோலம் முழுக்கோடாகப் பதிகிறது. பழைய ஆர்ட் போர்ட் தாள்களில் பொன் தூள் அருமையாக உருகியது, அம்மா அவற்றைத்தான் முதலில் கேட்டு எடுத்துக்கொண்டார். பூச்சில்லாத அட்டையில் நீல மை உடனே ஊறிவிடுகிறது. பொட்டுகளாக ஒட்டி அழுத்தியவை நேராகவே இருக்கின்றன. ஒன்று மட்டும் மீதி: வாழ்த்து வரியில் 'ழ', 'ள' எழுத்துகளின் சுழிகளும் மெய்யெழுத்துப் புள்ளிகளும் அடைபட்டு மைத்திட்டாகின்றன. ஐயா, இதற்கு என்ன செய்யலாம்?

அச்சுக்கூடம்:
சுழிகளில் பழைய மை உறைந்திருக்கும். மென்மையான பற்தூரிகையும் சவர்க்கார நீரும் கொண்டு கழுவுங்கள், தின்னர் வேண்டாம், இறப்பரும் போலிமரும் கெட்டுப்போகும். மையை முத்திரையில் தட்டித் தட்டி எடுங்கள், பெட்டிக்குள் அழுத்தாதீர்கள். தாளில் நேராக வைத்து ஒருமுறை அமத்தித் தூக்குங்கள், ஆட்டினால் மை சுழிக்குள் ஓடும். அப்படியும் அடைபட்டால் எழுத்து மிகச் சிறியது என்று அர்த்தம். அடுத்த முறை எழுத்துகளைக் குறைந்தது 5 மில்லிமீற்றர் உயரத்தில், கோடு மெல்லிய எழுத்துருவில் வெட்டித் தரச் சொல்லுங்கள். கணினியில் எழுதிய மாதிரியை நீங்களே கொண்டு போய்க் கொடுங்கள், புள்ளிகள் விடுபடாமல் வரும்.