பழைய ஹார்டு டிஸ்க்கைக் கைமாற்றும் முன் முழுவதுமாக அழிப்பது எப்படி?

கேள்வி:
கைவசம் மூன்று இருக்கின்றன: 1 டிபி ஹார்டு டிஸ்க், லேப்டாப்பில் இருந்த 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, சுழலவே மாட்டேன் என்கிற 500 ஜிபி லேப்டாப் டிஸ்க். மூன்றிலும் வங்கி ஆவணங்கள் இருந்தன. ஃபார்மேட் போதுமா? 35 தடவை எழுதி அழிக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
குவிக் ஃபார்மேட் போதவே போதாது. அது கோப்புகளின் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும். கோப்புகள் அதே இடத்தில்தான் கிடக்கும். இலவச ரெக்கவரி மென்பொருளே அவற்றை எடுத்துவிடும்.

1 டிபி டிஸ்க்குக்கு: விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட்டை (டிஸ்க்குகளைக் கையாள விண்டோஸிலேயே உள்ள கருவி) ஓட்டுங்கள். லிஸ்ட் டிஸ்க் கொடுத்து, கொள்ளளவைப் பார்த்து எண்ணை உறுதி செய்யுங்கள். பிறகு செலக்ட் டிஸ்க், அந்த எண். அடுத்து கிளீன் ஆல். 'ஆல்' விட்டுப்போனால் பார்ட்டிஷன் விவரம் மட்டுமே போகும், தரவு அப்படியே இருக்கும். "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காமல் தொடங்கிவிடும் என்பதால், மற்ற வெளிப்புற டிஸ்க்குகளை முன்பே கழற்றிவிடுங்கள்.

நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 1 டிபி எழுத இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். டிஸ்க் தட்டின் உள்வட்டங்களில் வேகம் குறையும், ஆகவே மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். யூஎஸ்பி 2.0 வழியாக என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். திரையில் எந்த அசைவும் தெரியாது. தொங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

35 தடவை என்பது கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய கட்டுரையில் வந்தது. அன்றைய டிஸ்க்குகளின் பதிவு முறைகளுக்கான கணக்கு அது. இன்றைய டிஸ்க்குக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். பூஜ்ஜியத்தால் ஒரே தடவை, முழுமையாக எழுதினால் போதும்.

பதில் 2:
மேலே சொன்னதில் ஒரு ஓட்டை உண்டு. பழுதான செக்டர்களை (தரவு பதியும் சிறு பகுதிகள்) டிஸ்க் தானாகவே ஒதுக்கிவைத்திருந்தால் கிளீன் ஆல் அங்கே எட்டாது. ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நலம் பற்றித் தரும் விவரம்) 5-ஆம் எண்ணைப் பாருங்கள், அப்படி ஒதுக்கிய செக்டர்களின் எண்ணிக்கை அது. பூஜ்ஜியம் என்றால் கவலையில்லை.

எஸ்எஸ்டிக்கு (தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் வகை) மேலெழுதும் வழியே வேண்டாம். தேய்மானத்தைப் பரப்புவதற்காக எழுதும் ஒவ்வொரு முறையும் அதன் கன்ட்ரோலர் சிப் தரவை வேறு இடத்துக்கு அனுப்பும். கணினிக்குத் தெரியாத உபரி இடமும் உள்ளே இருக்கும். டிஸ்க்கின் சொந்த செக்யூர் எரேஸ் கட்டளைதான் சரி. லைவ் லினக்ஸ் யூஎஸ்பியில் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து, எச்டிபார்ம் என்ற டிஸ்க் கருவி மூலம் முதலில் ஒரு தற்காலிக பாஸ்வேர்டு வையுங்கள், அடுத்து எரேஸ் கட்டளை கொடுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாஸ்வேர்டை எழுதிவையுங்கள்: நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் பூட்டியே இருக்கும், அதே பாஸ்வேர்டோடு திரும்ப ஓட்ட வேண்டும். இதை யூஎஸ்பி அடாப்டரில் செய்யாதீர்கள், பல அடாப்டர்கள் இந்தக் கட்டளையைக் கடத்துவதில்லை.

கேட்டவர்:
எச்டிபார்ம் தகவலில் 'ஃப்ரோசன்' என்று வருகிறது, கட்டளையை ஏற்கவில்லை.

பதில் 2:
பூட் ஆகும்போது பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) போடும் பூட்டு அது. கணினியை ஒருமுறை ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்புங்கள், பெரும்பாலும் விலகிவிடும். 'நாட் ஃப்ரோசன்' என்று வந்த பிறகே பாஸ்வேர்டு வையுங்கள்.

பதில் 3:
சுழலாத டிஸ்க்கைச் செத்தது என்று அப்படியே போட்டுவிடாதீர்கள். கோளாறு சர்க்யூட் போர்டில் மட்டும் இருக்கலாம். தரவு பதிந்திருக்கும் உள்தட்டுகளில் அது நலமாகவே இருக்கும். போர்டைக் கழற்றி எறிவதும் பயனில்லை, வேறு போர்டு மாட்டிப் படிக்க வழி உண்டு.

தட்டையே உடைக்க வேண்டும். மூடியின் திருகுகள் நட்சத்திரத் தலை கொண்ட டார்க்ஸ் வகை; லேபிளுக்கு அடியிலும் ஒன்று ஒளிந்திருக்கும். லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, அடித்தால் தூளாகச் சிதறும். கண் கவசம், கையுறை போட்டு, தடித்த துணியில் சுற்றிய பிறகே சுத்தியலை எடுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் பெரும்பாலும் அலுமினியம். அது உடையாது, பல இடங்களில் துளையிட்டு வளைக்க வேண்டும். வீட்டுக் காந்தத்தைத் தேய்த்தால் எதுவும் அழியாது. தீ, அமிலம் இரண்டும் வேண்டாம், நச்சுப் புகை வரும். மிச்சத்தை மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.