பின் சக்கரத்தில் கரகர சத்தம்: பால்ஸ் மாற்றினால் போதுமா?

கேள்வி: கியர் இல்லாத பழைய சைக்கிள். பின் சக்கரம் கரகரவென்கிறது, ரிம்மைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆடுகிறது. பால்ஸ் (அச்சைச் சுற்றி உருளும் சின்ன இரும்புக் குண்டுகள்) மட்டும் மாற்றினால் சரியாகுமா?

பதில்: கோனை (அச்சில் திருகியிருக்கும் கூம்பு வடிவ நட்டு, பால்ஸ் இதன்மேல்தான் ஓடும்) கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், பால்ஸ் ஓடும் தடத்தில் குழி விழுந்திருந்தால் புது பால்ஸ் போட்டும் பிரயோஜனமில்லை, கோனையும் சேர்த்து மாற்றுங்கள். பின் சக்கரத்தில் பெரும்பாலும் பக்கத்துக்கு 9 பால்ஸ், கால் இஞ்ச் அளவு. பழசில் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

இன்னொருவர்: அண்ணன் சொன்னது சரி. கப்பில் (சக்கரத்தின் நடுவில் பால்ஸ் உட்காரும் கிண்ணம்) கிரீஸைத் தாராளமாக அப்புங்கள், பால்ஸ் விழாமல் ஒட்டி நிற்கும். புதுசோடு பழசைக் கலக்காதீர்கள்.

கேட்டவர்: கோனை எவ்வளவு இறுக்குவது?

பதில்: ஆட்டமும் இருக்கக் கூடாது, அச்சை விரலால் சுற்றினால் பிடிக்கவும் கூடாது. அப்புறம், லாக்நட்டை (கோன் நகராமல் பூட்டும் வெளி நட்டு) முடுக்கும்போது கோனும் கூடவே சுற்றும், அதை மெல்லிய கோன் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள்.