அப்பாவின் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது: சிகிச்சையைத் தொடங்க வேண்டுமா?

வணக்கம். மயிலாப்பூரில் வசிக்கும் என் அப்பாவுக்கு (வயது 63) நாட்பட்ட லிம்போசைட் ரத்தப்புற்றுநோய் (லிம்போசைட் என்ற வகை வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய்) தொடக்க நிலையில் இருப்பதாக நான்கு மாதங்களுக்கு முன் தெரியவந்தது. மருந்து வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார் மருத்துவர். இப்போது கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருக்கிறது. வெள்ளணுக்கள் 36,000இலிருந்து 42,000 ஆகியுள்ளன. ஹீமோகுளோபின் 12.8, தட்டணுக்கள் 1,90,000. அச்சத்தில் உறக்கமே வரவில்லை.

பதில் 1: சகோதரி, என் அம்மாவும் இதே நோயுடன் ஆறு ஆண்டுகளாக மருந்தில்லாமல் பெரம்பூரில் நலமாக இருக்கிறார். வெள்ளணு எண்ணிக்கை உயர்ந்ததற்காக மட்டும் சிகிச்சையைத் தொடங்குவதில்லை. ஹீமோகுளோபின் 10க்குக் கீழோ தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழோ இறங்குகின்றனவா, லிம்போசைட்டுகள் ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பாகின்றனவா என்பதையே மருத்துவர்கள் முக்கியமாகக் கவனிக்கிறார்கள்.

பதில் 2: தொண்டைத் தொற்றாலும் பல் சீழாலும்கூட நெறி கட்டும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கட்டி மட்டும் வேகமாகப் பெருத்தாலோ, இரவில் உடை நனையும்படி வியர்த்தாலோ, காய்ச்சல் நீடித்தாலோ, ஆறு மாதத்தில் எடை பத்து விழுக்காடு குறைந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் கருத்துக்கு, 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது.

கேட்டவர்: மிக்க நன்றி. அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி இருக்கிறது; நாளையே காட்டுகிறோம்.