கனடா பி.ஆர்.: ஷோ மணி மட்டும் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு இறங்கலாமா?

அரைச்சுவர்

கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு (பி.ஆர்.) விண்ணப்பிக்கிறோம். மனைவி செவிலியர், அவர்தான் முதன்மை விண்ணப்பதாரர். புள்ளி வைத்து ஆட்களை அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், சுகாதாரப் பணியாளர்களுக்கான தேர்வுச் சுற்றில் (டிரா) அழைப்பு வந்துவிட்டது. 60 நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் போட வேண்டும். அவருக்கு 32, எனக்கு 34, மகளுக்கு 4 வயது.

இருவர் கணக்கிலும் சேர்த்து 19 லட்சம் இருக்கிறது. மூன்று பேர் குடும்பத்துக்கு ஷோ மணியாக, அதாவது கையிருப்பாக, வங்கிக் கணக்கில் காட்ட வேண்டியது 23,360 கனடிய டாலர் (2025 ஜூலையில் திருத்திய தொகை). டாலர் அறுபது சொச்சம் என்று வைத்தால் பதினான்கரை லட்சம் போல வருகிறது. காட்டுவதில் சிக்கல் இல்லை. ஆனால் 2025 நிலவரப்படி விண்ணப்பக் கட்டணமே பெரியவர்கள் இருவருக்கும் தலா 1,525, குழந்தைக்கு 260, கைரேகைக்கு 170 என்று மொத்தம் 3,480 டாலர். மருத்துவப் பரிசோதனையும் மூன்று விமான டிக்கெட்டும் போனால் இறங்கும்போது கையில் 14 லட்சம் மிஞ்சினால் பெரிய விஷயம்.

பெரியப்பா மகன் 8 லட்சம் கைமாற்றாகத் தருகிறேன் என்கிறார். மச்சான், இந்த அழைப்பை விட்டுவிட்டு இன்னும் ஒரு வருடம் சேர்த்துக்கொண்டு போங்கள் என்கிறார். வீட்டில் தினமும் இதே பேச்சு. அங்கே இருப்பவர்கள் உள்ளபடி சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ சித்தப்பா

தம்பி, முதலில் அந்த 23,360 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். குறைந்த வருமானக் கோடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வருமானம் அதற்குக் கீழே இருந்தால் சாப்பாடு, உடை, வீடு இவற்றுக்கே பெரும்பகுதி கரைந்துவிடும் என்று பொருள். அந்தத் தொகையில் சரிபாதிதான் ஷோ மணி. அதாவது ஏழைக் குடும்பம் ஒன்று ஆறு மாதம் தள்ளுவதற்கான பணம். அதுவும் ஏற்கெனவே வீடு, பாத்திரம், குளிர்கால உடுப்பு எல்லாம் வைத்திருக்கிற குடும்பம். நீங்கள் இரண்டு பெட்டியோடு வந்து நிற்பீர்கள்.

நாங்கள் 2016 அக்டோபரில் வந்தோம். வந்து மூன்றாவது வாரம் பனி. நிலவறை வீடு ஒன்று பார்த்தோம். வீட்டுக்காரர், வேலை இல்லை, கிரெடிட் ஸ்கோர் இல்லை, ஆகவே ஆறு மாத வாடகையை மொத்தமாக வை என்றார். இந்த ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான் கேட்கலாம், அதற்கு மேல் கேட்கக் கூடாது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? பிள்ளையை வைத்துக்கொண்டு ஹோட்டலில் நாளுக்கு 110 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தேன். வைத்தேன். கொண்டுவந்த பணத்தில் பாதி அன்றைக்கே போயிற்று. என் துறையில் வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது.

ஆகவே மனைவி மட்டும் முதலில் வரட்டும். அவர் முதன்மை விண்ணப்பதாரர் என்பதால் உங்களுக்கு முன்பாகவோ உங்களோடு சேர்ந்தோதான் அவர் இறங்க வேண்டும், நீங்கள் முந்த முடியாது. அவர் காலூன்றும் வரை நீங்கள் அங்கே சம்பளத்தோடு இருங்கள். மூன்று பேரும் சேர்ந்து வந்து மூன்று பேரும் வீட்டில் உட்காருவதைப் போன்ற நஷ்டம் வேறில்லை.

உப்புக்கல்

சித்தப்பா சொன்னதில் பாதி அழைப்பு வந்த எல்லோரையும் பயமுறுத்தும் பேச்சு. அவர் கணக்கில் செலவுப் பத்தி மட்டும் இருக்கிறது. வருமானப் பத்தியே இல்லை.

நாங்கள் 2022-ல் அல்பர்ட்டா மாகாணத்து எட்மன்டன் வந்தோம். நால்வர். அந்த வருடத்துக் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் எங்களிடம் இரண்டாயிரம் டாலர்தான் இருந்தது. இரண்டு அறை அபார்ட்மென்ட் 1,250 டாலர், வெப்பச் செலவும் தண்ணீரும் வாடகையிலேயே அடக்கம். கணவர் பதினொன்றாவது நாள் கிடங்கு வேலைக்குப் போனார். அவர் பொறியாளர்தான். எட்டு மாதம் பெட்டி தூக்கினார், அதனால் எதுவும் குறைந்துபோகவில்லை. குழந்தைகளுக்கான உதவித்தொகைக்கு வந்த வாரமே விண்ணப்பித்தோம், மூன்றாவது மாதம் சேர்த்து வந்தது. அரைச்சுவருக்கும் அது உண்டு. ஆறு வயதுக்குக் கீழ் ஒரு குழந்தைக்கு 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான கணக்கில் வருடத்துக்கு 7,997 டாலர் வரை, அதாவது மாதம் 666. வருவதற்கு முந்தைய வருமானத்தையும் கேட்பார்கள், இந்திய வருமானக் கணக்கை எடுத்து வையுங்கள்.

டொரன்டோவில் தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் இறங்கினால்தான் தமிழனா என்ன? அல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, 5 சதவீதம் மட்டும். ஒன்டாரியோவில் 13. பதிவான பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் முழுநேரக் கட்டணம் அல்பர்ட்டாவில் மாதம் 326 டாலர்தான்.

அப்புறம், மனைவி அங்கே, கணவனும் குழந்தையும் இங்கே என்றால் இரண்டு வீடு, இரண்டு வாடகை, நடுவில் ஒரு டிக்கெட். இதில் மிச்சம் எங்கே? நான்கு வயதுக் குழந்தை அம்மாவைப் பிரிந்து ஆறு மாதம் இருப்பதற்கு எந்தப் பத்தியில் எத்தனை டாலர் எழுதுவீர்கள் சித்தப்பா?

சும்மா ஒருவன்

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? அண்ணன் தருகிற 8 லட்சத்தைக் கணக்கில் போடுங்கள், கடிதம் வாங்குங்கள், விசா வந்ததும் திருப்பிக் கொடுங்கள். எல்லோரும் செய்வதுதான்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் செய்வது என்று சொல்கிறவர்கள் மாட்டிக்கொண்டவர்களைச் சந்திப்பதில்லை, அவ்வளவுதான்.

வங்கிக் கடிதத்தில் கணக்கு தொடங்கிய நாள், இன்றைய இருப்பு, கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு, உங்கள் பெயரில் உள்ள கடன், கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் இருக்க வேண்டும். நேற்று விழுந்த 8 லட்சம் அந்தச் சராசரியில் பளிச்சென்று தெரியும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கடன் வாங்கிய பணத்தைக் காட்டக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அதை அன்பளிப்பு என்று எழுதிக் கொடுத்தால் அது பொய்த் தகவல், பிடிபட்டால் 5 வருடம் கனடா பக்கமே விண்ணப்பிக்க முடியாது. அண்ணன் உண்மையாகவே திரும்ப வேண்டாம் என்று கொடுத்தால் அது வேறு கதை. கொடுப்பாரா?

நிலம், வீட்டின் மதிப்பு கணக்கில் வராது. நகையை விற்று வந்த பணம் உங்கள் பணம், அடகு வைத்து வந்த பணம் கடன். இந்த வித்தியாசம் தெரியாமல் அடகுக் கடைக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைக் கொண்டுபோவதிலும் ஒரு கண் வையுங்கள். ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது முன்கூட்டிய வரி, பிடிக்கும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம், ஆனால் இறங்கிய புதிதில் அந்தப் பணம் கையில் இருக்காதே! உங்கள் பெயரில் பாதி, மனைவி பெயரில் பாதி என்று அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை. கையில் 10,000 டாலருக்கு மேல் கொண்டுபோனால் விமான நிலையத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் வரி கிடையாது, சொல்லாமல் மாட்டினால்தான் வம்பு.

சும்மா ஒருவன்

ஒரு யோசனை சொன்னேன், அதற்கு இவ்வளவா.

ஸ்கார்பரோ சித்தப்பா

உப்புக்கல் அம்மா, உங்கள் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் வந்தது 2022. அந்தக் கோடையில் கனடாவின் வேலையின்மை 5 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது, கடைக்காரர்கள் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்போது 7-ஐ ஒட்டி நிற்கிறது. இங்கே காப்பிக் கடை ஒன்றில் இரண்டு இடத்துக்கு வரிசை வாசல் தாண்டி நின்றதை என் கண்ணால் பார்த்தேன். பதினொன்றாவது நாள் கிடங்கு வேலை என்பதை நம்பி ஒரு குடும்பத்தை விமானம் ஏற்றச் சொல்லாதீர்கள்.

எட்மன்டன் வாடகை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். கார் இல்லாமல் அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள்? அதைச் சொல்லவில்லையே. பழைய கார், காப்பீடு, குளிர்கால டயர் எல்லாம் சேர்த்தால் நீங்கள் வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். இங்கே பேருந்தில் 3 டாலர் சொச்சத்தில் இரண்டு மணி நேரம் மாறி மாறிப் போகலாம்.

உப்புக்கல்

ஏழு வாரம் கார் இல்லாமல் இருந்தோம். மைனஸ் 28-ல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு நின்றதும் உண்டு. சரி, அந்தப் புள்ளி உங்களுக்கே.

ஆனால் நாம் இருவருமே ஒன்றை விட்டுவிட்டோம். அரைச்சுவரின் மனைவி செவிலியர். அவருக்கு இங்கே செவிலியராக வேலை பார்க்கும் உரிமம் கிடைத்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்துக்குப் பணப் பேச்சே இருக்காது. கிடைக்காத வரை 19 லட்சம் என்ன, 30 லட்சமும் கரையும். ஆகவே எவ்வளவு கொண்டுபோவது என்பதை விட, இறங்கிய பிறகு எத்தனை மாதம் உரிமம் இல்லாமல் இருப்பார் என்பதுதான் கேள்வி.

அந்த உரிமத்துக்கான தேர்வை, என்கிளெக்ஸ் ஆர்.என்., இந்தியாவில் இருந்தே எழுதலாம். சான்றிதழ் சரிபார்ப்பையும் அங்கிருந்தே தொடங்கலாம். அல்பர்ட்டாவில் 2023-க்குப் பிறகு இந்தியாவில் படித்த செவிலியர்களுக்குப் பாதையைச் சுருக்கியிருக்கிறார்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிற ஆறு மாதமும் சும்மா போகிற காலம். அதில் இதை முடித்துவிட்டால் மச்சான் கேட்கிற ஒரு வருடத்துச் சேமிப்பு தானாக வந்துவிடும். நானும் செவிலியர்தான், இதைச் செய்யாமல் வந்தேன். பதினான்கு மாதம் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே படித்தேன். கோபமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்கார்பரோ சித்தப்பா

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க மாட்டேன். உரிமம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கல்லூரியும் மாநில நர்சிங் கவுன்சிலும் அனுப்ப வேண்டிய காகிதங்களுக்கு நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும். கனடாவில் உட்கார்ந்துகொண்டு அதை வாங்க முயன்றவர்களின் சோகம் தனி.

ஆனாலும் மூன்று பேரும் ஒன்றாக இறங்குவதை நான் ஏற்கவில்லை. உரிமம் கையில் இருந்தாலும் முதல் சம்பளம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

கணக்குப்பிள்ளை

பிரிந்து போவதில் ஒரு காலச் சிக்கல் இருக்கிறது. இறங்குவதற்கான கடைசித் தேதியை மருத்துவப் பரிசோதனையை வைத்துத்தான் பெரும்பாலும் போடுவார்கள், பரிசோதனை 12 மாதம் செல்லும். 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. பரிசீலனைக்கு ஆறேழு மாதம் போனால் மிஞ்சுவது ஐந்து மாதம். மனைவி முதல் மாதம் போனாலும் நீங்களும் குழந்தையும் அந்தத் தேதிக்குள் இறங்கியே ஆக வேண்டும். ஆக, பிரிவு என்பது அதிகபட்சம் நான்கு மாதம்தான். சித்தப்பா சொல்கிற மாதிரி காலூன்றும் வரை எல்லாம் இழுக்க முடியாது, உப்புக்கல் பயப்படுகிற மாதிரி நீளவும் நீளாது.

மச்சான் யோசனைக்கும் ஒரு பதில். அழைப்பை நிராகரித்தால் மறுபடி அழைப்பு வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். வயதும் கூடிக்கொண்டே போகும். துணையோடு விண்ணப்பிப்பவருக்கு வயதுக்காக 29 வரை 100 புள்ளி, அப்புறம் 40 வயது வரை வருடத்துக்கு 5 குறையும்.

அரைச்சுவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மனைவிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நான்கு மாதம் என்றால் தான் முன்னால் போகத் தயார் என்கிறார், மகளை விட்டுப் போவதுதான்... என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அது இன்னும் முடிவாகவில்லை.

முடிவானவை: அழைப்பை விடவில்லை. அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவருக்கும் நிம்மதிதான் போல. மனைவி திங்கட்கிழமை தன் கல்லூரிக்குப் போகிறார், காகிதம் கேட்க. எட்மன்டனா டொரன்டோவா என்பது உரிமம் எங்கே முதலில் நகர்கிறதோ அதைப் பார்த்து.

உப்புக்கல் அக்கா, அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே மாகாணத்தை முடிவு செய்ய வேண்டுமா, அப்புறம் மாற்றிக்கொள்ளலாமா?

உப்புக்கல்

ஒரு மாகாணத்து ஒழுங்குமுறை அமைப்பிடம் விண்ணப்பித்து, அவர்கள் தகுதி என்று சொன்ன பிறகுதான் தேர்வுக்கு அனுமதி வரும். ஆகவே முதலில் மாகாணம். தேர்வு ஒன்றேதான், பாஸ் செய்துவிட்டால் பிறகு வேறு மாகாணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், தனிக் கட்டணம் உண்டு. கல்லூரியில் பாட நேர விவரத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள், வகுப்பு எத்தனை மணி, மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மணி என்று. மொத்தமாக எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். எனக்கு இரண்டு முறை அனுப்பினார்கள்.

ஸ்கார்பரோ சித்தப்பா

குளிர்கால ஜாக்கெட்டை அங்கே வாங்கிவிடாதீர்கள் தம்பி. இங்கே வந்து வாங்குங்கள். நாங்கள் கொண்டுவந்த மூன்றும் நவம்பரிலேயே தோற்றுவிட்டன.