கடலோர வீடு, சின்னப் பிள்ளை: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

கரைவீட்டுக்காரன்

மகளுக்கு அப்போது நாலு வயது. தண்ணீரை வாயில் வாங்கி அப்படியே என் காலில் துப்பினாள். "இது மூக்குத் தண்ணி. வேணாம்."

எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். அவளுக்குச் சளி பிடித்திருந்தது, தொண்டையில் இறங்கியதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மறுபடி டம்ளரை நீட்டினேன், மறுபடி துப்பினாள். மூன்றாவது தடவை முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய் நாய்த் தட்டில் ஊற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் தோட்டத்துக்கென்று அரைக் குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துவிட்டு ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார் வைத்திருந்தேன். பெரிய மோட்டார் அளவுக்கு மீறி இறைத்துவிட்டது. அவள் துப்பி மூன்று வாரத்தில் அவரை இலையெல்லாம் ஓரம் கருகி, தீக்குச்சி காட்டின மாதிரி ஆகிவிட்டது. கடல் கிணற்றுக்குள் புகுந்துவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது: மகள் 15 நாள் பாட்டி வீட்டில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தாள். நாங்கள் தினமும் குடித்துக் குடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறின உப்புக்கு நாக்கு பழகிப் போயிருக்கிறது. அந்த வீட்டில் சரியான நாக்கு அவளுடையது ஒன்றுதான். அதற்குத்தான் அடி வாங்கினாள்.

இந்த மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா?

அலையாத்தி

நடந்திருக்கிறது. எனக்கு நடந்தது கிணற்றில் இல்லை, கடலில்.

பையனுக்கு ஆறு முடிந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே எப்போதும் அலை பெரிசு. அன்றைக்கு நடுவில் ஒரு இருபதடி அகலத்துக்கு அலையே உடையாமல் சாதுவாக இருந்தது. தண்ணீர் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிள்ளை காலை நனைக்க நல்ல இடம் என்று நானேதான் கைபிடித்துக் கூட்டிப் போனேன். ஆமாம், நானேதான். கடலோரம் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

எனக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். திடீரென்று காலடி மணல் சரசரவென்று ஓட ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் அவன் கால் தரையில் இல்லை. என் கையைப் பிடித்தபடி, கடலைப் பார்க்கக் கிடைமட்டமாக நீண்டு கிடக்கிறான். சிரிக்கிறான். "அம்மா, நான் கொடி மாதிரி பறக்கறேன்."

அவன் விரல் ஈரம். என் விரலும் ஈரம். ஒவ்வொரு விரலாக வழுக்குவது தெரிந்தது. இன்னொரு கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். எப்படிக் கரைக்கு வந்தோம் என்பது நினைவில் இல்லை. அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன், காலர் பாதி பிய்ந்து தொங்குகிறது.

திசைகாட்டி

அம்மா, கோபப்படாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளையைக் கடலில் இறக்கியதே தப்பு. எங்கள் பிள்ளைகளுக்குப் பத்து வயது வரை வேலிக்கு வெளியே காலே வைக்க விட்டதில்லை.

நீங்கள் பார்த்த அந்தச் சாதுவான இடம்தான் இழுப்பு. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எந்த வழியாகவாவது திரும்பிப் போக வேண்டுமே, அது மணலில் பள்ளம் பறித்துக்கொண்டு போகிற வாய்க்கால் அது. அங்கே ஆழம் அதிகம், அதனால்தான் அலை உடையாது. சில நேரம் விநாடிக்கு 8 அடி வேகம்கூட வரும், ஒலிம்பிக் நீச்சல் வீரனாலும் எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளைக் கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மாட்டினால் மிதக்க வேண்டும், கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும், நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அலை உடைகிற இடத்துக்கு வந்து அப்புறம் கரை ஏற வேண்டும். நேராகக் கரையைப் பார்த்து நீந்துகிறவர்தான் களைத்துப் போய் முழுகுகிறார். பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கிற எதையாவது, காலி கேன் ஆனாலும் சரி, முதலில் வீசுங்கள். கரைக்குப் போனதும் பத்து நிமிடம் சும்மா நின்று தண்ணீரைப் பாருங்கள், அப்புறம் இறங்கலாம்.

என் அனுபவம்? அப்படி எதுவும் இல்லை. வேலி போட்டிருக்கிறேனே.

அலையாத்தி

வேலி போட்டு வளர்த்த பிள்ளை பத்து வயதில் வெளியே வரும்போது கடலைப் பற்றி என்ன தெரிந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. சரி, விடுங்கள். என் பையன் இப்போது அந்தக் கறுப்பு வாய்க்காலை என்னைவிட முன்னாலேயே காட்டிவிடுகிறான். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது வேலி இல்லை.

துருவேறி

எங்கள் வாசல் ஊஞ்சல் ஒருநாள் மத்தியானம் கொக்கி அறுந்து தரையில் விழுந்தது. மகள் ஓடிவந்து ஏறுவதற்குள் நாய் ஏறிப் படுத்துக்கொண்டதால் விழுந்தது நாய். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மகள்தான், தன் இடத்தை நாய் பிடித்துக்கொண்டது என்று அன்றைக்குப் பூராவும் அதோடு பேசவில்லை.

எல்லோரும் கவனிக்க வேண்டியது இதுதான். கடலோர வீட்டில் மழை படுகிற இரும்பைவிட மழை படாத இரும்புதான் முதலில் போகும். மழை உப்பைக் கழுவிவிடும். கூரைக்கு அடியில், தாழ்வாரத்தில், உத்தரத்தின் மறுபக்கத்தில் உப்பு படிந்துகொண்டே இருக்கும், காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், எப்போதும் நனைந்த மாதிரிதான். பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. என் கொக்கி அப்படித்தான், வெளியே பச்சை பெயிண்ட், உள்ளே பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது.

துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்பதிலும் வகை இருக்கிறது. 304 என்று ஒன்று, 316 என்று ஒன்று. சமையல் பாத்திரத்துக்கு 304 போதும், கடல் காற்றில் அது சீக்கிரமே புள்ளி புள்ளியாக அரிக்கும். 316-ல் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்திருப்பார்கள், 2 முதல் 3 சதவீதம், அதுதான் உப்புக்குக் கொஞ்சம் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த இரண்டையும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. மேலே அச்சடித்த எண்ணைப் பாருங்கள். வாங்கின பிறகும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடையுங்கள். கொக்கியைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், கணீரென்றால் சரி, மொத்தென்றால் உடனே இறக்கிவிடுங்கள். ஜன்னல் கீல், கேட் கீல், மாடிக் கைப்பிடி, கிணற்றுக் கம்பி மூடி, பிள்ளை கை வைக்கிற எல்லாம் இதே கதைதான். கயிறு நைலான் என்றால் வெயிலில் அது தனியாக நைந்து போகும், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மணல்வீடு

ஊஞ்சலே இல்லாத என்னையும் ராத்திரி எழுந்து கேட் கீலைத் தட்ட வைத்துவிட்டீர்கள். மொத்தென்றுதான் கேட்டது!

என் கதை ஆமை. முட்டையிட வந்த ஆமை இல்லை, குஞ்சுகள். ராத்திரி இரண்டு மணிக்கு மகன் எழுப்பி, "அப்பா, வாசல்ல பொம்மை நடக்குது" என்றான். கனவு என்று போர்வையை இழுத்துவிட்டேன். அவன் போய்விட்டான். கதவு திறக்கிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.

வாசல் விளக்குக்குக் கீழே முப்பது நாற்பது குஞ்சுகள், உள்ளங்கையில் பாதிகூட இல்லை, கறுப்பாக, எல்லாம் எங்கள் கதவைப் பார்த்து நடக்கின்றன. கடல் அவற்றுக்குப் பின்னால் கிடக்கிறது. மணலுக்குள்ளிருந்து வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இருட்டுக் கரையில் வெளிச்சம் என்றால் கடல்தான். எங்கள் கரையில் அது என் பல்பு. அந்த வீட்டில் நான்கு வருடம் அந்தப் பல்பு விடிய விடிய எரிந்திருக்கிறது.

மகன் ஜட்டியோடு, கையில் என் செருப்பு ஒன்று, பூனைக்கும் குஞ்சுகளுக்கும் நடுவில் நிற்கிறான். பூனையை அவ்வளவு பிடிக்கும் அவனுக்கு. அதைப் பார்த்து, "போ... போ... ப்ளீஸ் போ" என்று அழுகிறான்.

விளக்கை அணைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. அப்புறம் ஒன்று திரும்பியது.

திசைகாட்டி

வாளியில் தண்ணீர் வைத்து அதில் போட்டு எடுத்துப் போயிருந்தால் எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கலாமே?

மணல்வீடு

கூடாது சகோ. வாளித் தண்ணீரில் போட்டால் அங்கேயே நீந்த ஆரம்பித்துவிடும். முதல் ஒரு நாள் நிற்காமல் நீந்தி ஆழத்துக்குப் போகத்தான் அந்தப் பலத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன, அதை வாளியில் செலவு செய்துவிடும். எல்லோரும் ஓடிப்போய் விளக்கை அணையுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், பிள்ளை இருக்கிற வீட்டில் வாசல் இருட்டாக இருப்பதும் பயம்தான். நாங்கள் பல்பை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கடல் பக்கம் தகரம் வைத்து மறைத்திருக்கிறோம்.

நீர்க்கோடு

கரைவீட்டுக்காரன் அண்ணா, ஒரே ஒரு திருத்தம். கடல் உங்கள் கிணற்றுக்குள் பக்கவாட்டில் புகவில்லை. கீழேயிருந்து ஏறியது.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, எண்ணெய் மாதிரி. உப்புத் தண்ணீர் கனம், லிட்டருக்கு 25 கிராம் அதிகம். அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். நெதர்லாந்தில் கைபன் என்பவரும் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் நூறு வருடத்துக்கு முன்பே தனித்தனியாகக் கண்டுபிடித்த கணக்கு. அதைத் திருப்பிப் போடுங்கள். மேலே நீர்மட்டம் ஒரு அடி இறங்கும்படி இறைத்தால் கீழே 40 அடி நல்ல தண்ணீர் போய்விடலாம். ஒரே நாளில் ஏறாது, கிணற்றுக்கு நேர் கீழே கூம்பு மாதிரி மெதுவாக எழும்பி வரும். பெரிய மோட்டார் அதைத்தான் உறிஞ்சி மேலே கொண்டுவந்தது. அவரை உப்பே தாங்காத செடி, அதனால் அது முதலில் சொன்னது.

முதலில் சொன்னது உங்கள் மகள், மன்னிக்கவும்.

எனக்கென்று பெரிய கதை இல்லை. தம்பி சின்ன வயதில் கரையில் காய்ந்து கிடந்த ஜெல்லி மீனைத் தொப்பி என்று தலையில் வைத்துக்கொண்டான். செத்தாலும் கொட்டும் என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா நல்லெண்ணத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார், எரிச்சல் இரண்டு பங்கானது. நல்ல தண்ணீர் பட்டால் கொட்டாமல் மிச்சமிருக்கிற கொடுக்கும் வெடிக்கும், தேய்த்தாலும் வெடிக்கும். கடல் தண்ணீரால்தான் கழுவியிருக்க வேண்டும். அம்மா இப்போதும், "நான்தான் தேய்ச்சேன்" என்பார். தம்பிக்கு நினைவே இல்லை.

துருவேறி

கரைவீட்டுக்காரன், அந்தப் பெரிய மோட்டாரை என்ன செய்தீர்கள்? வெளியே கிடந்தால் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து...

கரைவீட்டுக்காரன்

கொட்டகையில் கிடக்கிறது, துருப்பிடிக்கட்டும். பழைய அரைக் குதிரையையே மறுபடி இறக்கிவிட்டேன். காலையில் 20 நிமிடம், சாயங்காலம் 20 நிமிடம், அதற்கு மேல் கிடையாது. இரண்டு மழைக்காலம் போன பிறகுதான் தண்ணீர் பழையபடி ஆனது. அதுவரை குடிக்கத் தண்ணீர் வெளியேயிருந்து சுமந்தோம், மகளும் தன் பங்குக்கு ஒரு சின்னப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

நீர்க்கோடு, உங்கள் அம்மா சொல்வது எனக்குப் புரிகிறது. என் மகளுக்கு இப்போது ஏழு வயது. நான் அடித்தது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் இன்றைக்கும் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தால் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "நீங்க முதல்ல குடிங்க" என்கிறாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினால், அதையும் நம்பாமல் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

மோட்டார் ஓடுகிறது. போய் நிறுத்திவிட்டு வருகிறேன், 20 நிமிடம் ஆகிவிட்டது.