வர்ஜின் தீவுகளில் ஒரு வாரம் கேட்டமரன்: மிதவை கட்டுவது, அனெகாடா போவது

ஏரிக்காற்று:
வணக்கம். பிப்ரவரியில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில், டொர்டோலாவின் ரோட் டவுனிலிருந்து 42 அடி கேட்டமரன் (இரட்டை உடல் பாய்ப்படகு) ஒன்றைக் கேப்டன் இல்லாமல் 7 நாளுக்கு எடுக்கிறோம். ஆறு பேர். இருவருக்குப் பாய் ஓட்டத் தெரியும், ஆனால் ஒன்டாரியோ ஏரியில், 30 அடிப் படகில் மட்டுமே. இரவு தங்குவதற்காக, கடலடியில் பிணைத்திருக்கும் மிதவையில் படகைக் கட்டும்போது என்னென்ன தவறும்? அனெகாடா எங்களுக்குச் சரிவருமா?

கொண்டல்:
அங்கே பாய் ஓட்டுவது கஷ்டமில்லை. தீவுகள் கண்ணெதிரே இருக்கும், கிழக்குக் காற்று 15–20 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) சீராக அடிக்கும். சிக்கல் வருவது மாலையில் மிதவை பிடிக்கும்போதுதான்.

முதல் வேலை, பின்னால் இழுத்துவரும் டிங்கியின் (சிறு துணைப்படகு) கயிற்றைக் குட்டையாக்கிப் படகோடு ஒட்டிக் கட்டுங்கள். பின்னோக்கி எஞ்சின் கொடுக்கும்போது அந்தக் கயிறு புரொபெல்லரில் சுற்றுவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. பிறகு காற்றுக்கு நேர் எதிராக, நடக்கிற வேகத்தில் மிதவையை நெருங்குங்கள். கடைசி சில மீட்டரில் சுக்கான் பிடிப்பவருக்கு மிதவை தெரியாது. அணியத்தில் (படகின் முன்முனை) நிற்பவர் கையால் திசை காட்டட்டும், கத்தினால் காற்றில் கேட்காது. கொக்கியால் மிதவைக் கயிற்றின் வளையத்தைத் தூக்கி, உங்கள் கயிற்றை அதற்குள் நுழைத்து, *புறப்பட்ட அதே கிளீட்டுக்கே* (படகில் கயிறு கட்டும் கொம்பு) திருப்பிக் கட்டுங்கள். இடப்பக்கம் ஒரு கயிறு, வலப்பக்கம் ஒரு கயிறு. ஒரே கயிற்றை இடமிருந்து வலம் ஓட்டிக் கட்டினால் படகு ஆட ஆட அது வளையத்தில் ரம்பம் மாதிரி அறுத்து, விடிவதற்குள் நைந்துவிடும்.

தவறவிட்டால் கொக்கியைப் பிடித்து இழுபறி செய்யாதீர்கள். விட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கட்டியதும் ஒருவர் நீச்சல் கண்ணாடி மாட்டிக் குதித்து, கீழே ஷாக்கிளும் (இரும்பு இணைப்பு வளையம்) கயிறும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது.

பிப்ரவரி கூட்டமான காலம். மிதவை முன்பதிவு செய்யும் போட்டிபால் (BoatyBall) செயலியில் அன்றைய மிதவைகள் காலை 7 மணிக்குத் திறக்கும். முன்பதிவில்லாதவற்றுக்கு மதியத்துக்குள் போய்விடுங்கள். தேசியப் பூங்கா மிதவைகள் பகலுக்கு மட்டும், 90 நிமிடம்.

பவளப்பார்:
அனெகாடா போகலாம், ஆனால் முதல் நாட்களில் வேண்டாம். நார்மன் தீவு, கூப்பர் தீவு, பிறகு வர்ஜின் கோர்டாவின் நார்த் சவுண்ட் என்று கிழக்கே ஏறுங்கள். எதிர்க்காற்று என்பதால் கேட்டமரன் கோணல்மாணலாகத்தான் போகும், எஞ்சினையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். நார்த் சவுண்டிலிருந்து அனெகாடா வடக்கே சுமார் 13 கடல் மைல், காற்று பக்கவாட்டில் வரும், அருமையான ஓட்டம்.

மற்ற தீவுகள் மலை, இது தட்டையான பவளத் தீவு. உயரம் பத்து மீட்டர்கூட இல்லை, கிட்டப் போனபிறகே தென்னை மட்டும் தெரியும். தென்கிழக்கே ஹார்ஸ்ஷூ பவளப்பாறை நீண்டு கிடக்கிறது, அதன்மேல் நங்கூரமிடத் தடை. காலை 8 மணிக்குக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வரும்போது அனெகாடாவில் படகுகள் நிற்கும் செட்டிங் பாயிண்ட் வாயிலில் இருப்பீர்கள், அப்போதுதான் பழுப்புத் திட்டும் வெளிர்நீல மணலும் பிரித்துத் தெரியும். உள்ளே நுழையும்போது வழிகாட்டும் சிவப்பு மிதவை உங்கள் வலப்பக்கம், கனடாவில் உள்ளதுபோலவே. 25 நாட்டுக்கு மேல் காற்று, அல்லது வடக்கிலிருந்து பெரிய அலை என்றால் அன்று போக வேண்டாம். சில படகு வாடகை நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே அனெகாடாவைத் தடுத்திருக்கும், படித்துப் பாருங்கள்.

திரும்பும்போது ஜோஸ்ட் வான் டைக் தீவு 27 கடல் மைல், காற்று முதுகில்.

ஏரிக்காற்று:
மிக்க நன்றி. பாயை எப்போது குறைப்பது? ஏரியில் படகு சாய்வதைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம்.

கொண்டல்:
கேட்டமரனில் அந்தக் கணக்கு உதவாது. அது சாய்ந்து எச்சரிக்காது, சுமை முழுதும் பாய்மரத்துக்கும் கம்பிகளுக்கும் ஏறும். காற்றுமானியைப் பாருங்கள். 18–20 நாட்டில் முதல் மடிப்பு, 25-க்குள் இரண்டாவது. படகில் உள்ள கையேட்டு எண் இதைவிடக் குறைவென்றால் அதையே எடுங்கள்.

உப்புக்கயிறு:
விட்டுப்போன இரண்டு. நங்கூரமிட நேர்ந்தால் ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள்: 5 மீட்டர் நீர், 1.5 மீட்டர் உயரம், ஆக 32.5 மீட்டர். எடுக்கும்போது எஞ்சினால் முன்னே நகர்ந்து சங்கிலியைத் தளர்த்துங்கள். விண்ட்லாஸ் (நங்கூரச் சங்கிலியை ஏற்றும் கருவி) மோட்டாரால் படகையே இழுத்தால் மின் பிரேக்கர் விழும்.

டிங்கியை டேவிட்டில் (படகின் பின்புறத் தூக்கி) தூக்கியதும் அடித் தக்கையைக் கழற்றிவிடுங்கள், இரவு மழை பெய்தால் நீர் வடிந்துவிடும். இறக்குமுன் மாட்டினீர்களா என்று ஒருவர் கையை விட்டுத் தொட்டுப் பார்க்கட்டும்.