‘ஃப்ளோட்டர்’ பறவை: ‘உதிரி’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

இனப்பெருக்க வயது வந்தும், உடல்நலம் இருந்தும், துணையோ இடமோ அமையாமல் பருவத்தைக் கழிக்கும் பறவையைப் பறவையியலில் ‘ஃப்ளோட்டர்’ என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த விவாத இழையில் மிதவை, நாடோடி, கூடிலி என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. நான் ‘உதிரி’யை முன்வைக்கிறேன். சொல்லுக்குப் போகுமுன் பறவையைப் பார்த்துவிடுவோம்.

வெனிசுவேலாவின் யானோஸ் புல்வெளியில் மாசாகுவரல் என்றொரு கால்நடைப் பண்ணை இருக்கிறது. அங்கே ஸ்டீவன் பைசிங்கர் என்ற பறவை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1988 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு சின்னக் கிளியினத்தைப் பின்தொடர்ந்தார்கள். எடை 30 கிராம்கூட வராது. சிட்டுக்கிளி என்றே சொல்லலாம். அது தானாகக் கூடு கட்டாது. மரப்பொந்திலோ வேலிக்கம்பத்தின் ஓட்டையிலோதான் முட்டையிடும். ஆய்வாளர்கள் பிவிசி குழாயில் கூட்டுப்பெட்டி செய்து வைத்தார்கள், கிளிகளின் காலில் நிற வளையம் மாட்டினார்கள். யார் யாரோடு சேர்ந்தது, யார் தனியாகவே நின்றது என்று பருவத்துக்குப் பருவம் குறித்துக்கொண்டே வந்தார்கள்.

இந்தக் கிளிகளில் ஆண்கள் பெண்களைவிட அதிகம். அதனால் வளர்ந்த ஆண்களில் பலவற்றுக்கு அந்தப் பருவத்தில் துணை கிடையாது. ஆனால் அவை சும்மா இருப்பதில்லை. ஒரு இணையில் ஆண் இறந்துபோனால் வெளியே நின்ற ஆண் ஒன்று அந்தப் பெண்ணோடு வந்து சேருகிறது. வந்தது சில கூடுகளில் முன்னவனின் குஞ்சுகளைத் தத்தெடுத்து வளர்க்கிறது, சில கூடுகளில் அவற்றைக் கொன்றுவிட்டுத் தன் குஞ்சுகளுக்கு வழி செய்கிறது. இரண்டும் பதிவாகியிருக்கின்றன. ஓரிரு ஆண்டு ஆய்வில் இதெல்லாம் பிடிபடாது. கூடுகளை மட்டும் எண்ணினால் இந்தக் கூட்டமே கணக்கில் வராது. இனம் குறையத் தொடங்கும்போது முதலில் கரைவதும் இந்தக் கூட்டம்தான். காலியான இடங்களை இவை நிரப்பிக்கொண்டே இருப்பதால் கூடுகளின் எண்ணிக்கை சில காலம் குறையாமலே தெரியும். பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களுக்கு இச்சொல் அவசியம் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இப்போது சொற்கள். ‘மிதவை’ வேண்டாம். மிதவை உயிரி என்று, நீரோட்டத்தில் மிதந்து வாழும் பிளாங்டனுக்குப் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. மிதவைப் பறவை என்றால் யாரும் நீர்ப்பறவையைத்தான் நினைப்பார்கள். ‘நாடோடி’யும் சரிவராது. மழையைத் தேடி ஊர் மாறும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் என்ற சின்னக் கிளி போன்றவற்றுக்கு அது தேவைப்படும். ‘கூடிலி’ அழகான சொல், ஆனால் அது நம் குயிலுக்கல்லவா முதலில் பொருந்துகிறது? அதோடு, கழுகு மாதிரி எல்லை வகுத்து வாழும் பறவைகளில் ஃப்ளோட்டருக்கு இல்லாதது கூடு மட்டுமல்ல, எல்லையே இல்லை.

உதிரிப்பூ என்றால் மாலையில் கோக்காத பூ. பூவில் குறை எதுவும் இல்லை. உதிரிப் பாகம் என்றால் ஒன்று பழுதானால் அதன் இடத்தில் வந்து பொருந்துவது. சேராமல் நிற்பது, தேவைப்படும்போது இடத்தை நிரப்புவது என்ற இரண்டு பொருளும் இந்தக் கிளிக்கு வேண்டும். உதிரி ஆண், உதிரிநிலை, உதிரி விகிதம் என்று கூட்டுச்சொற்களும் எளிதாக வருகின்றன.

*

மறுமொழி:

ஐயா, வணக்கம். விளக்கம் நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரே தயக்கம். பறவைகள் இறகு மாற்றுவதை நாங்கள் களக்குறிப்பில் ‘இறகு உதிர்ப்பு’ என்று எழுதுகிறோம். ‘உதிரி ஆண்’ என்று படிப்பவர் இறகு உதிர்க்கும் ஆண் என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா?

*

மறுமொழி:

அம்மா, நியாயமான கேள்வி. இறகு மாற்றத்தைச் சொல்லும்போது ‘இறகு’ என்ற சொல் பெரும்பாலும் கூடவே வருகிறது, வினையும் உதிர்ப்பு, உதிர்த்தல் என்றுதான் வருகிறது. ‘உதிரி’ என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இருந்தாலும் குழப்பத்துக்கு இடம் வைக்க வேண்டாம். கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் ‘இணை சேரா உதிரிப் பறவை’ என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் ‘உதிரி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். எல்லை வகுக்கும் இனங்களுக்கு ‘எல்லை இல்லா உதிரிப் பறவை’. உங்கள் களக்குறிப்பில் ஒரு பருவம் எழுதிப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.